கதவு திறக்காத விமானம்

பொம்மை விமானக் கடைக்காரர் அந்தத் துண்டுக் காகிதத்தை நல்லெண்ணத்தோடுதான் நீட்டினார்.

"இந்த வருஷமாவது ஒண்ணு கொண்டாந்து வையுங்க. ஒன்பது வருஷமா என்கிட்ட கிட் வாங்குறீங்க. செஞ்சு செஞ்சு அலமாரியில அடுக்குறீங்க. வெளியாள் ஒருத்தராவது பார்த்திருக்காங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். மாடல் விமானச் சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சி. போர் விமானங்கள் ஒரு பிரிவு, பயணிகள் விமானங்கள் ஒரு பிரிவு, கடைசியாக 'நடக்காத விமானங்கள்' என்று ஒரு பிரிவு.

"இது என்ன புதுசா இருக்கு?"

"இல்லாத விமானத்தைச் செய்யலாம். இல்லேன்னா இருந்த விமானத்துக்கே வேற வாழ்க்கை கொடுக்கலாம். கூடவே ஒரு பக்கம் அதோட சரித்திரம் எழுதி வெக்கணும். முழுக்கப் புளுகுதான். ஆனா எந்த இடத்துல நிஜத்தை விட்டுப் பிரியுதுன்னு தெளிவாச் சொல்லணும், படிக்கிறவன் 'அட, இப்படி நடந்திருக்கலாமே'ன்னு நினைக்கணும். அதுக்குத்தான் மார்க்கு."

அவள் கண் காகிதத்தின் அடிக்குப் போனது. நடுவர் என்று போட்டு ஒரு பெயர். பெயருக்குக் கீழே, 'முன்னாள் தலைமைப் பொறியாளர்'.

சீஃப்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் முன்பு வேலை பார்த்த விமானப் பழுது ஹேங்கரில் அந்த ஆளை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அந்த ஆள் இருக்கும் தெருப்பக்கம்கூட அவள் போனதில்லை. இப்போது மாலை மரியாதையோடு உட்கார்ந்து, யாருடைய புளுகு நன்றாக இருக்கிறது என்று மார்க்கு போடப் போகிறாராம். காகிதத்தை நாலாக மடித்துக் கைக்குள் நசுக்கினாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு எஞ்சின் சரக்கு விமானம் ஒண்ணு மேல் தட்டுல இருக்கே, அதை எடுங்க," என்றாள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு வேலை. அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் விமான நிலையத்தின் சரக்குப் பக்கம் இருந்த ஹேங்கரில் அதே தகடு வேலை. விமானத்தின் தோலை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தே உள்ளே எங்கே பிளந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நல்ல இடம் 'டிங்' என்று பேசும், கெட்ட இடம் 'டொக்' என்று செத்த குரலில் பேசும். நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்ததால் ஹேங்கரில் அவளுக்கு டொக்கு என்று பெயர். சின்னவர்களுக்கு டொக்கக்கா. கழுத்துக்கு மேலே யார் யாரெல்லாம் டொக்கு என்று அவள் ஒரு பட்டியலே வைத்திருந்தாள், அதில் சீஃப் பெயர் மட்டும் கிடையாது. சீஃப் மூளைக்காரர். அதனால்தான் வந்தது வினை.

பதினோரு வருடத்துக்கு முன் ஹேங்கருக்கு வந்த ஒரு சரக்கு விமானத்தின் பின்பக்கக் கதவில் ஒரு கொக்கி. கொக்கி மாட்டுகிற தகட்டுப் பிடியில் ஒரு விரிசல். முதலில் பார்த்தபோது நகக்கண் அளவு. அவள் தாளில் எழுதினாள், பிடியை மாற்ற வேண்டும் என்று. 'பாகம் இருப்பில் இல்லை, கவனித்து வரவும்' என்று சீஃப் தன் கையால் எழுதி, தாளின் கார்பன் நகலைத் திருப்பி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து விரிசல் வளர்ந்திருந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி அதே பதில். மூன்றாம் முறை விரிசல் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. ஒன்பதாம் நாள், புறப்பட்ட ஏழு நிமிடத்தில், அந்தக் கதவு பிய்த்துக்கொண்டு போய் வாலில் மோதியது. விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்தது. இரண்டு விமானிகள், சரக்கு ஏற்றிக் கட்டிக் கதவு மூடுகிற லோடர் ஒருவர். மூன்று பேரும் போனார்கள்.

அந்த லோடர் அவள் தங்கச்சியின் புருஷன். அவளுக்கு மாப்பிள்ளை. சம்பந்தம் பேசி முடித்ததே அவள்தான்.

விசாரணை அறிக்கை நாலு மாதத்தில் வந்தது. நூற்றுப் பதினெட்டுப் பக்கம். சாரம் ஒரு வரி: சரக்குப் பணியாளர் கதவைச் சரியாகப் பூட்டவில்லை.

கிட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவளுடைய வேலை மேசையில் கொட்டினாள். வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க. இரண்டு மாதம் அப்படித்தான் போனது.

அவள் மனதில் விமானம் தெளிவாக இருந்தது. அந்த ஒன்பதாம் நாள் விழாமல் போயிருந்தால் அதற்கு என்ன ஆகியிருக்கும்? சரக்குக் கம்பெனி இன்னும் ஆறு வருடம் ஓட்டியிருக்கும். பிறகு விற்றிருக்கும். வாங்கியவன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவைகள் பொருத்தி, தீவு தீவாகப் போய் இறங்குகிற ஆஸ்பத்திரி விமானமாக மாற்றியிருப்பான். அந்த மாதிரி உடம்பு அதற்கு. வயிறு பெரிது, மெதுவாகப் பறக்கும், எதற்கும் அலட்டிக்கொள்ளாது.

மிதவைகளுக்குக் கிட்டில் பாகம் இல்லை. இரண்டு பல் துலக்கும் பிரஷ் டப்பாக்களை வெட்டி, புட்டிப் பசை பூசி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் படகு மூக்கு வரவழைத்தாள். தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் தேய்த்தாள். ஒரு மிதவையைத் தேய்த்தே ஓட்டை போட்டுவிட்டு மூன்றாவது டப்பா வாங்க வேண்டியிருந்தது. சன்னல்களைப் பெரிதாக்கினாள். உள்ளே ஒரு படுக்கை, குளுக்கோஸ் பாட்டில் தொங்க ஒரு குண்டூசிக் கம்பி. வெள்ளை அடித்து, மேலே மஞ்சள் பட்டை. வாலில் மட்டும் பழைய பதிவெழுத்துகளை அப்படியே ஒட்டினாள். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற அந்த மெல்லிய எழுத்துகளை வழுக்கி இடத்தில் உட்கார வைத்து, ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். சீஃபுக்கு அந்த எழுத்துகள் தெரியும். தெரியாமல் போக வழியே இல்லை.

கடைசியாகக் கதவு. பிளாஸ்டிக் கதவைத் தூக்கிப் போட்டுவிட்டு மெல்லிய அலுமினியத் தாளில் புதிதாகச் செய்தாள். கொக்கி, கொக்கிக்குப் பிடி, பிடிக்குப் பின்னால் ஒரு முட்டுத் தகடு. அரிசியில் பாதி அளவு. பூதக்கண்ணாடி இல்லாமல் யாருக்கும் தெரியாது. அதற்கு மட்டும் நாலு ஞாயிறு ஆனது.

பிறகு சரித்திரம் எழுத உட்கார்ந்தாள். அதுதான் சுலபம் என்று நினைத்திருந்தாள். மனதுக்குள் பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருந்த விஷயம்தானே.

'நிஜத்தை விட்டுப் பிரியும் இடம்' என்று தலைப்புப் போட்டாள். கீழே எழுதினாள்: 'தகடு வேலைக்காரியின் முதல் தாளைப் படித்ததும் தலைமைப் பொறியாளர் விமானத்தை நிறுத்தி வைத்தார்.'

படித்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கோபச் சிரிப்பு. இதை யார் நம்புவான்? சீஃப் விமானத்தை நிறுத்துவாராம். விமானத்துக்கு மிதவை மாட்டியதை நம்பலாம், ஆஸ்பத்திரி வைத்ததை நம்பலாம், இதை நம்ப முடியாது. அடித்தாள்.

'பாகம் இருப்பில் இருந்தது.' இல்லை. அது கிடைக்க எப்படியும் இரண்டு மாதம். அடித்தாள்.

'விமானி சந்தேகப்பட்டு மறுத்தார்.' அவருக்கு யார் சொன்னார்கள், சந்தேகப்பட? அதையும் அடித்தாள்.

பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோது காகிதம் அங்கேயேதான் இருந்தது. எந்த இடத்தில் வேறு மாதிரி நடந்திருக்க முடியும் என்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தாள் எழுத வேண்டிய அன்று சீஃப் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்று ஒரு தடவைதான். "டொக்கு, உன் கை அளவு எப்பவுமே ஒரு நூல் கூடத்தான் இருக்கும். பயந்த கை. அளவுக்குள்ளதான் இருக்குன்னு போட்டுக் கொடு. அடுத்த மாசம் பெரிய செக்கிங்குக்கு வரும்போது நீயே மாத்திடு. நாலு மணிக்குச் சரக்கு போகணும்," என்றார். புதிய தாள் ஒன்றை நீட்டினார். 'விரிசல் அனுமதித்த அளவுக்குள் உள்ளது' என்று ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது. அவள் டீயைக் குடித்து முடித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

விபத்துக்குப் பிறகு முதல் இரண்டு தாள்களும் கோப்பில் இல்லாமல் போயின. மூன்றாவது மட்டும் இருந்தது. தகடு நன்றாக இருந்தது என்று தகடு வேலைக்காரியே சொல்லிவிட்டாள், அப்படியென்றால் கதவை மூடியவன்தான் சரியாக மூடவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் அவளைக் கேட்டார்கள். சீஃப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என் கையெழுத்துதான்," என்று மட்டும் சொன்னாள். மூன்று மாதத்தில் வேலையை விட்டாள். முதல் இரண்டு தாள்களின் கார்பன் நகல்கள் அவள் சான்றிதழ்கள் வைக்கிற உறையில் அன்றிலிருந்து இருக்கின்றன. வெளியே எடுத்தால் மூன்றாவது ஏன் அப்படி என்று தங்கச்சி கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பதினோரு வருடம்.

புதுக் காகிதம் எடுத்தாள். இந்தத் தடவை அடித்தல் இல்லாமல் வந்தது.

'நிஜத்தை விட்டுப் பிரியும் இடம்: மூன்றாம் தாளில் கையெழுத்துப் போட தகடு வேலைக்காரி மறுத்தாள். அளவைத் தாண்டிவிட்டது என்று எழுதிவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு வேலை போனது. விமானம் நிறுத்தப்பட்டது. கதவுப் பிடி மாற்றப்பட்டது. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் சரக்கு விமானமாகவும், ஐந்து ஆண்டுகள் தீவுகளுக்கு ஆஸ்பத்திரியாகவும் பறந்தது. அதில் பிறந்த குழந்தைகள் ஏழு. சரக்குப் பணியாளர் இந்தக் கதவை இரண்டாயிரத்துச் சொச்சம் தடவை மூடினார். ஒரு தடவையும் அது திறந்துகொள்ளவில்லை. முழங்கால் வலி காரணமாக அவர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார்.'

கண்காட்சிக்கு முதல் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி வருகிற நாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை அவளுக்கு, அரை நாளோடு முடிந்துவிடும். வந்தால் துணி துவைத்துக்கொண்டு, எல்லோரையும் நாலு திட்டு திட்டிவிட்டுப் போவாள். முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா காலையிலிருந்து வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது. தங்கச்சி துணி மூட்டையோடு நேராக உள்ளே போனாள். வால் எழுத்துகளைப் பார்த்துவிட்டாள்.

"இது அவரோட விமானம்."

"ஆமா."

"எதுக்கு செஞ்சே இத?" மூட்டை இன்னும் கையில்தான் இருந்தது. "எதுக்குக்கா? பொம்மை செய்ய வேற விமானமே கிடைக்கலையா உனக்கு?"

சரித்திரத்தை எழுதி, மேலே கண்காட்சியின் பெயரும் இடமும் போட்டிருந்த அட்டையை அக்கா எடுத்து நீட்டினாள். தங்கச்சி நின்றபடியே படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தாள். பிறகு மூட்டையைத் தரையில் வைத்தாள்.

"இதுல எது நிஜம்?"

"கையெழுத்துப் போட மறுத்தேன்னு இருக்கே, அதுதான் பொய். போட்டேன். மத்ததெல்லாம் அதுனால வந்த பொய்."

"விரிசல் இருந்துச்சுன்னு தெரியும் உனக்கு."

"தெரியும்."

"அவர் கதவ மூடினாரா?"

"மூடியிருப்பார். எப்படி மூடினாலும் அந்தப் பிடி தாங்கியிருக்காது."

தங்கச்சி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அவள் அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அழவில்லை. குரல் தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வீட்டுப் பூட்ட மூணு தடவ இழுத்துப் பார்க்கிற மனுஷன் அவர். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து நாலாவது தடவ இழுப்பார். நான் கிண்டல் பண்ணுவேன். அவரு எப்படிக் கதவ விட்டுட்டாருன்னு நான் யோசிக்கலன்னு நினைச்சியா? யோசிச்சேன். அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. சாப்பிடாமப் போனாரு. அந்த நினைப்புலதான் கதவ சரியா மூடலன்னு முடிவு பண்ணிட்டேன். நான்தான் கொன்னேன்னு. மூணு குடும்பத்த நான்தான் கெடுத்தேன்னு. பதினோரு வருஷம்க்கா. உன்கிட்ட சொல்லி அழுதிருக்கேன், இதே ரூம்ல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப என்ன சொன்னே நீ?"

அக்கா தரையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"'விடு, விதி'ன்னு சொன்னே," என்றாள் தங்கச்சி. "தலைய வேற தடவிக் கொடுத்தே."

அவள் கை உயர்ந்தது. அறைவாள் என்று நினைத்து அக்கா அசையாமல் நின்றாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. ஆனால் அந்தக் கை கீழே இறங்கி மூட்டையை எடுத்துக்கொண்டது. துவைக்காத துணியோடு தங்கச்சி படியிறங்கிப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் காலை அக்கா விமானத்தை ஒரு செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதைவிட அசிங்கம் வேறு இல்லை என்று அடுத்த கணமே தோன்றியது.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில். நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து நூற்றுக்கணக்கான விமானங்கள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிற சங்கச் செயலாளர் அவளுக்கு இடம் காட்டினார். தொழில் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து லென்ஸ் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இந்தக் கதவுக்குள்ள பிடி வெச்சிருக்கீங்களே. யாருக்குத் தெரியப் போகுது இது?"

"தெரிய வேண்டிய ஒருத்தர் வருவார்," என்றாள்.

பதினோரு மணிக்கு சீஃப் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது, நடை மட்டும் அதே நடை, தரை தனக்குச் சொந்தம் என்பதுபோல. கையில் மார்க்கு எழுதும் அட்டை. ஒவ்வொரு மேசையாக நின்று, ஆளோடு நாலு வார்த்தை பேசி, முதுகில் தட்டிக்கொடுத்து வந்தார். அவள் மேசைக்கு வந்ததும் முதலில் விமானத்தைத்தான் பார்த்தார். "ஆஹா, மிதவை நல்லா வந்திருக்கு," என்று ஆரம்பித்தவர் வாலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு சரித்திர அட்டையைப் படித்தார்.

படித்து முடித்து அதை எடுத்து எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார்.

அவள் அதை நிமிர்த்தி வைத்தாள்.

"டொக்கு," என்றார், மெல்லிய குரலில், சிரிப்பு மாறாமல். "இத எடுத்துட்டுப் போயிடும்மா. இது இங்க வெக்கிற விஷயம் இல்ல."

"விதியில எங்க இருக்கு அப்படி?"

"நடந்த விபத்து இது. செத்தவங்களுக்குக் குடும்பம் இருக்கு. அவங்க மனசு புண்படாதா? அதையாவது யோசிச்சிருக்கணும் நீ."

பதினோரு வருடத்தில் அந்தக் குடும்பங்களின் வாசல்படி மிதிக்காத ஆள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"குடும்பம் வந்திருக்கு."

தங்கச்சி. நேற்றுப் போட்டிருந்த அதே உடை. கண் வீங்கியிருந்தது, தலை மட்டும் ஒழுங்காகச் சீவியிருந்தது. அக்காவைப் பார்க்கவே இல்லை. நேராக மேசையின் மறுபக்கம் போய் சீஃபுக்கு எதிரே நின்றாள்.

"லோடர் சம்சாரம் நான். என் மனசு புண்படுமான்னு கவலைப்பட்டீங்களே, என்கிட்டயே கேளுங்க. இந்த அட்டையைச் சத்தமாப் படிங்க. நான் கேக்கணும்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீஃபின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அது போனால் அந்த முகம் எப்படி இருக்கும் என்று அக்கா அன்றுதான் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு நடந்தது பெரிய துக்கம்தான், நான் மறுக்கல. ஆனா இதுல எழுதியிருக்கிறது கற்பனை. நிஜம் என்னன்னா," என்று நிறுத்திவிட்டுக் கூடம் கேட்கும்படி குரலை உயர்த்தினார், "தகடு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது இந்த அம்மாதான். நான் இல்ல. உங்க சொந்த அக்கா."

"ஆமா," என்றாள் அக்கா. "போட்டேன். அதத்தான் எழுதி வெச்சிருக்கேன், என் பேர் போட்டு, ஊர் பார்க்க. நீங்க தட்டச்சு செஞ்சு வெச்சிருந்த தாள்ல போட்டேன். அதுக்கு முன்னாடி நான் எழுதின ரெண்டு தாள் எங்க போச்சுன்னு நீங்க எழுதுங்க. பேனா இருக்கு கையில."

"எந்த ரெண்டு தாள்?"

"கார்பன் நகல் என்கிட்ட இருக்கு. கீழ உங்க எழுத்துல, 'கவனித்து வரவும்'."

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். தங்கச்சி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பண்ணினத நேத்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா," என்றாள். "அவளோட நான் பேசிக்கிறேன். அது எங்க வீட்டு விவகாரம். நீங்க எப்ப சொல்லப் போறீங்க?"

சீஃப் மார்க்கு அட்டையைச் செயலாளரின் கையில் கொடுத்தார். உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். தரை தனக்குச் சொந்தமில்லாத ஆள்போல, மேசைகளில் இடித்துக்கொண்டு வெளியே போனார். அந்தப் பிரிவில் அந்த வருடம் பரிசு யாருக்கும் இல்லை.

அக்கா தங்கச்சியின் தோளைத் தொடப் போனாள். தங்கச்சி தள்ளி நின்றாள்.

"நாளைக்கு லீவு போடு. அந்த நகல எடுத்துட்டு வா. விசாரணை ஆபீசுக்குப் போறோம். அதுக்கு அப்புறம் என் வீட்டுக்காரரோட அண்ணன் வீட்டுக்கு வர்றே. சாவு வீட்டுல எல்லார் முன்னாடியும் 'என் தம்பி கவனக்குறைவுக்கு மத்தவங்க வீட்டுலயும் பொணம் விழுந்துச்சே'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு பாரு, அந்த மனுஷன் முன்னாடி நின்னு, இத எல்லாத்தையும் ஒரு வார்த்த விடாம சொல்றே."

சொன்னாள். விசாரணை அலுவலகத்தில் அக்கா மூன்று மணி நேரம் எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டில் நின்றபடியே சொன்னாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க," என்றார். பிறகு சுவரில் இருந்த தம்பியின் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அக்கா தெருவுக்கு இறங்கி ஓரமாக நின்றாள். தங்கச்சி உள்ளேயே ஒரு மணி நேரம் இருந்தாள்.

விமானத்தை எடுத்துப் போகச் சொல்லிச் செயலாளர் இரண்டு முறை போன் செய்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டாள்.

ஏழு மாதம் ஆனது. அவள் பயன்படுத்தாமல் வைத்திருந்த விமானத் தகடு வேலை லைசென்சை ரத்து செய்தார்கள். தவறான சான்று கொடுத்ததற்காக வழக்கு வரலாம் என்றார்கள், வரட்டும் என்றாள். சீஃபை விசாரித்தார்கள். தனக்கு நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தாராம். அதைக் கேட்ட அன்று அவள் பட்டறையில் ஒரு நல்ல தகட்டைச் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு கடிதம் வந்தது. தங்கச்சியின் விலாசத்துக்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்கு வந்தாள். துணி மூட்டை இல்லை. அக்கா என்று கூப்பிடுவதையும் அவள் நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது.

கடிதத்தை மேசை மேல் போட்டாள். அறிக்கையின் அந்த ஒரு வரியைத் திருத்தியிருந்தார்கள். 'சரக்குப் பணியாளர் கதவைச் சரியாகப் பூட்டவில்லை என்று முடிவு செய்யப் போதிய ஆதாரம் இல்லை.'

அக்கா இரண்டு தடவை படித்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. "மாத்திட்டாங்க," என்றாள்.

"என்ன மாத்திட்டாங்க?" தங்கச்சி சீறினாள். "போதிய ஆதாரம் இல்லையாம். அப்ப கொஞ்சம் ஆதாரம் இருக்கா? அவர் தப்பு பண்ணலன்னு நாலு சொல்லு எழுத இவங்களுக்குக் கை வரலையா? விரிசல் எங்க? அந்த ஆளு எங்க? ரெண்டு தாளு எங்க? நூத்திப் பதினெட்டுப் பக்கம் எழுதத் தெரிஞ்சுது அன்னிக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசையில் காய்ந்துகொண்டிருந்த புட்டித் துண்டுகளைப் புறங்கையால் ஒதுக்கினாள்.

"காகிதம் எடு. உன் கையெழுத்துதான் தெளிவா இருக்கும், நீ எழுது. நான் சொல்றத மட்டும் எழுது."

அக்கா காகிதம் எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். தங்கச்சி சொல்லத் தொடங்கினாள். முதல் வரியே காட்டமாக இருந்தது. அக்கா அதைக் குறைக்கவில்லை, அப்படியே எழுதினாள்.